பலர் வந்து போகும் இடத்தில் தெய்வீகத்தை உணர முடியுமா?

கேள்வி: வீட்டில் தனியாக உட்கார்ந்தால் ஜபமும் தியானமும் ஓரளவு கைகூடுகின்றன. பொது இடத்தில் உட்கார்ந்தால் மனம் நிற்பதே இல்லை. நாலு பேர் புழங்கும் இடத்திலும் தெய்வீகத்தை உணர்ந்தவர்கள் இருக்கிறீர்களா? தினசரிப் பயிற்சி அதற்கு உதவியதா?

எனக்கு அது நடந்திருக்கிறது. ஆனால் நான் தேடிப் போன விதத்தில் நடக்கவில்லை.

அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் 11 நாட்கள் இருந்தார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சில நிமிடங்கள்தான் உள்ளே விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் காத்திருப்புக் கூடத்தில்தான் கழிந்தது. அதன் கோடியில் எல்லா மதத்தவருக்கும் பொதுவான பிரார்த்தனை அறை ஒன்று இருந்தது. படம் இல்லை, சிலை இல்லை, சிலுவை இல்லை. ஐந்து நாற்காலிகள், தரையில் ஒரு கம்பளம், கதவோரம் செருப்பு வைக்க ஒரு பலகை. தொழுகைத் திசையைக் காட்ட மேல்கூரையில் உள்ளங்கை அளவில் ஒரு அம்புக்குறி. அவ்வளவுதான்.

முதல் நாள் உள்ளே போனதும் மனசுக்குள் ஒரு ஏமாற்றம். பல வருடங்களாக அதிகாலையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே மூலையில் உட்கார்ந்து நாமம் சொல்லிப் பழகியவன் நான். இங்கே கண்ணை மூடினால் யாரோ இருமுகிறார்கள். நாற்காலியில் வைத்த கைபேசி அதிர்கிறது. கதவு திறக்கும்போதெல்லாம் கூடத்தின் இரைச்சல் உள்ளே வந்து போகிறது. இரண்டாம் நாள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பாட்டு கேட்டபடி உட்கார்ந்தேன். அமைதி கிடைத்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது என் வீட்டு மூலையின் அமைதிதான். அந்த அறை அதில் இல்லவே இல்லை.

அன்று மாலை ஒரு குடும்பம் உள்ளே வந்து வாய்விட்டு அழுது பிரார்த்தனை செய்தது. என் ஜபம் கலைந்ததில் எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் எழுந்து போன பிறகுதான், எதற்காகக் கோபப்பட்டேன் என்பது உறைத்தது. வெட்கமாக இருந்தது. அந்த அறை கட்டப்பட்டதே அந்த அழுகைக்காகத்தானே?

மூன்றாம் நாள், பக்கத்து நாற்காலியில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர். தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். கண்ணைப் பாதி திறந்தபோது அவருடைய வலது கை தெரிந்தது. கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தது. சுண்டுவிரல் முடிந்ததும் மோதிரவிரல். ஒவ்வொரு கணுவிலும் ஒரு சின்ன அழுத்தம், அப்புறம் அடுத்தது. என் கையும் அதையேதான் செய்துகொண்டிருந்தது. அவர் எண்ணிக்கொண்டிருந்த சொல் வேறு, நான் எண்ணிக்கொண்டிருந்த பெயர் வேறு. விரல் போகும் வேகம் மட்டும் கிட்டத்தட்ட ஒன்று. அவரும் என் கையைப் பார்த்தார். லேசாகத் தலையை அசைத்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

பெரிய அனுபவமாகச் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒளி தெரியவில்லை, உடம்பு சிலிர்க்கவில்லை. ஆனால் மூன்று நாட்களாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த பயம் என்னுடையது மட்டுமாக இருந்தது இல்லையா, அது கொஞ்சம் இளகியது. சிகிச்சைப் பிரிவுக்குள் அவருடையவர்கள் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் அன்று சொன்னதில் பாதி அவர்களுக்காகச் சொன்னேன். கதவு திறந்தது, கூடத்துச் சத்தம் வந்தது, ஆனால் அது தொந்தரவாகப் படவில்லை. வெளியே இருப்பவர்களும் அந்த அறையில்தான் இருக்கிறார்கள் என்று தோன்றியது. நான் தெய்வீகம் என்று சொல்வது இதைத்தான்.

பிறகு இதைப் பற்றி நிறைய யோசித்தேன். ஜபமாலையில் 108 மணிகள். முஸ்லிம்களின் மணிமாலையான தஸ்பீஹில் 99 அல்லது 33. கத்தோலிக்கர்களின் வழக்கமான ஜெபமாலையில் 59. கணக்கு வேறு வேறு, ஆனால் கைக்கு ஒரு வேலை கொடுத்தால்தான் மனம் ஓரிடத்தில் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவரை ஒருவர் கேட்காமலேயே ஒரே மாதிரி செய்கிறோம். பக்கத்தில் இருப்பவரின் விரலைப் பார்க்கும்வரை எனக்கு இது வெறும் தகவலாகத்தான் இருந்தது.

வீடு திரும்பியதும் இத்தகைய அறைகளைப் பற்றித் தேடிப் படித்தேன். நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபைத் தலைமையகத்தில் ஒரு தியான அறை இருக்கிறது. அப்போதைய பொதுச்செயலாளர் டாக் ஹமர்ஷீல்ட் நேரடியாக முன்னின்று 1957இல் அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே எந்த மதத்தின் சின்னமும் கிடையாது. நடுவில் ஆறரை டன் எடையுள்ள இரும்புத்தாதுப் பாறை ஒன்று, அதன்மேல் விழும் ஒரு ஒளிக்கற்றை, முன்சுவரில் ஒரு ஓவியம். அந்தப் பாறையை ஒரு பீடமாகப் பார்க்கலாம் என்றும், கடவுள் இல்லை என்பதால் அது வெறுமையாக இருக்கவில்லை, மனிதர்கள் பல பெயர்களில் பல வடிவங்களில் வணங்கும் கடவுளுக்கு உரியது என்பதால்தான் வெறுமையாக இருக்கிறது என்றும் அவர் எழுதி வைத்தார். இதைப் படித்தபோது என் முதல் நாள் ஏமாற்றம் ஞாபகம் வந்தது. படம் இல்லாத சுவரைப் பார்த்து ஏதோ குறைகிறது என்று நினைத்திருந்தேன். வருகிறவர் எல்லோருக்கும் இடம் வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சுவரைச் சும்மா விட்டிருந்தார்கள்.

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் இன்னும் ஒரு படி மேலே போனவர்கள். அவர்களுடைய பழைய வழிபாட்டு முறையில் பூசாரியோ பாதிரியாரோ கிடையாது, சடங்கும் கிடையாது. எல்லோரும் ஒன்றாக மௌனமாக உட்காருவார்கள். உள்ளிருந்து உந்துதல் வந்தவர் மட்டும் எழுந்து நாலு வார்த்தை பேசுவார். எல்லோருடைய மௌனமும் ஒன்றாகக் கலந்துவிடும் வேளைக்கு அவர்களிடம் தனிப்பெயரே உண்டு. தனியாக மௌனமாக இருப்பதும் சேர்ந்து மௌனமாக இருப்பதும் ஒன்றில்லை என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சரி, தினசரிப் பயிற்சி உதவியதா என்று கேட்டிருந்தீர்கள். அது இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. என் கட்டைவிரல் தானாக நகர்ந்தது என்றால் பல வருடப் பழக்கம்தான் காரணம். பயம் பிடித்த நேரத்தில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள முடியாது. அதனால் வீட்டில் செய்வதை விட்டுவிடாதீர்கள். ஆனால் கையோடு எடுத்துப்போகும் அளவுக்குச் சின்னதாக ஒன்றை அதிலிருந்து பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெயர், ஒரு வரி, இல்லை பத்து மூச்சு போதும். ஆசனம், புத்தகம், ஊதுபத்தி எல்லாம் இருந்தால்தான் முடியும் என்றால் அது வெளியே வராது. ஊதுபத்தியைப் பொது அறையில் கொளுத்தவும் கூடாது, பக்கத்தில் இருப்பவருக்கு மூச்சுத்திணறல் இருக்கலாம்.

சத்தத்தோடு சண்டை போடாதீர்கள். இருமல் கேட்டால் அடுத்த நாமத்தை இருமியவருக்காகச் சொல்லுங்கள். நான் இப்போதும் ரயிலில் இதைத்தான் செய்கிறேன். எல்லா நாளும் கைகூடுவதில்லை. சில நாள் வெறும் எண்ணிக்கைதான், மனம் எங்கோ இருக்கும். அதற்காக நிறுத்துவதில்லை.

பதினோராம் நாள் அம்மாவை வார்டுக்கு மாற்றினார்கள். மாடிக்குப் போவதற்கு முன்னால் அந்த அறைக்குப் போனேன். விரல் எண்ணிய அந்தப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றுதான் போனேன். நாற்காலி காலியாக இருந்தது. வெளியே கூடத்திலும் அவர் இல்லை. அவருக்கு உள்ளே இருந்தவர் குணமாகிப் போனாரா, வேறு மாதிரி ஆனதா என்று கேட்க எனக்கு யாரையும் தெரியாது. அவர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது வீட்டில் கதவைச் சாத்தி உட்கார்ந்தாலும் சுண்டுவிரலின் முதல் கணு அவருக்குத்தான்.