பதில்: கோயிலடியில் ஏசினதிலிருந்து கவுன்சிலிங்குக்கு வர மாட்டேன் என்கிறார்

தங்கச்சி, சம்பளத்தன்று குடித்துவிட்டு வந்த உங்கள் கணவரைக் கோயிலடியில் தோட்ட லயத்துச் சனம் பார்க்க நீங்கள் ஏசியதாகவும், அதற்குப் பிறகு கவுன்சிலிங் என்றாலே எழும்பிப் போகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசு போனால் யாருக்கும் வயிறு எரியும்தான்.

ஆனால் "நான் செய்தது பிழை" என்று நினைப்பவர் திருந்தப் பார்ப்பார். "நானே உதவாதவன்" என்று நம்பிவிட்டவர் ஒளிவார், ஒளிந்த இடத்தில் கசிப்பு என்ற கள்ளச்சாராயம்தான் துணை. வெறி இல்லாத காலை நேரம், பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்காமல், நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: "ராத்திரி பிள்ளை பயந்து அழுதான்." குடிகாரன் என்ற பட்டம் வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று கூசினால், முதலில் இலங்கையின் 1926 மனநல உதவி இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே பேசட்டும்.

முக்கியமாக, தினமும் குடிப்பவரிடம் மாரியம்மன் மேல் சத்தியம் வாங்கி ஒரேயடியாக நிறுத்த வைக்காதீர்கள். வலிப்பு, பிதற்றல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டொக்டரிடம் காட்டி, மருந்தோடுதான் நிறுத்த வேண்டும். சத்தியம் உடைந்தால் அந்த வெட்கத்திலேயே இன்னும் குடிப்பார். இடையில் மறுபடி குடித்தாலும் கவுன்சிலரிடம் மறைக்காமல் போகச் சொல்லுங்கள்.

அவர் கைநீட்டினால் மட்டும் வெளியே தெரியக் கூடாதென்று பொறுக்காதீர்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.