பெயரில் 'நானோ' இருந்தால் போதுமா?

"கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கையில இருக்கு சார், இவ பிசிக்ஸ்தான் படிப்பேங்கறா" என்று ஆரம்பித்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவிடம் ஒரு சமரசம் இருந்தது: கடன் வாங்கியாவது நானோடெக்னாலஜி பட்டப்படிப்பில் சேர்த்துவிடலாம், மாமாவும் அதற்குத்தான் எதிர்காலம் என்கிறாராம்.

மகள் பேசவில்லை. போன் திரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினாள். வெள்ளைத் திரை சொட்டுக்குள் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளாகப் பிரிந்து தெரிந்தது. "இந்தச் சிவப்பை எப்படி சார் செய்யறாங்க?"

ஐயா, சமாதானம் சொல்லி அனுப்புவது எனக்குச் சுலபம். ஆனால் அந்தச் சமரசம் எனக்குச் சம்மதமில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு 'நானோ' என்று பெயர் போட்ட படிப்பில் சேர்ந்தால், இயற்பியலில் கொஞ்சம், வேதியியலில் கொஞ்சம் என்று நுனிப்புல் மேய்ச்சலாகிவிடும். கம்ப்யூட்டர் சயின்ஸைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. மாமா வேண்டிய மட்டும் சொல்லியிருப்பார்.

உங்கள் மகள் கேட்டதற்கு ஒரு பதில் குவாண்டம் புள்ளி: சில நானோமீட்டர் அளவே உள்ள குறைக்கடத்தித் துகள் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு). சில டிவி திரைகளில் இருக்கிறது. காட்மியம் செலினைடு துகள் 2 நானோமீட்டர் இருந்தால் ஒளி நீலத்தை ஒட்டி வரும்; அதே பொருள் 6 நானோமீட்டராக வளர்ந்தால் சிவப்பு. எலெக்ட்ரானுக்கு இடம் நெருக்கடியாக ஆக, ஆற்றல் கூடுகிறது; ஆற்றல் கூடினால் ஒளி நீலத்தின் பக்கம் நகர்கிறது. சூடான கரைசலில் மூலப்பொருளைச் செலுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தால், குடுவையின் நிறம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மாறும். எந்த நொடியில் நிறுத்துவது என்பதுதான் கைத்திறன். செய்வது வேதியியல், விளக்குவது குவாண்டம் இயற்பியல், திரைக்குள் நிலைத்து நிற்க வைப்பது, பொருள்களின் தன்மையை ஆராயும் பொருளறிவியல். மூன்று துறையும் ஒரே மேசையில் உட்காராமல் இது நடக்காது. இதற்காக 2023இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் மௌங்கி பவெண்டி. கல்லூரியில் அவர் எழுதிய முதல் வேதியியல் தேர்வில் 100க்கு 20. (மதிப்பெண் பட்டியலை மடித்து வையுங்கள் அம்மா.)

ஆகவே முதலில் இயற்பியலோ வேதியியலோ, ஒன்றை ஆழமாகப் படிக்கட்டும். முதுநிலையில் பொருளறிவியல். துறை தாண்டுவது அதன் பிறகு, ஆய்வகத்தில். அங்கே கற்கும் வெற்றிடக் கருவி, எலெக்ட்ரான் நுண்ணோக்கி, தூசி புகாத தூய அறை வேலை எல்லாம் சிப், பேட்டரி, திரை தயாரிப்பிலும் தேவைப்படுகிறவை. ஆனால் முனைவர் பட்டம் வரை போனால் 9, 10 ஆண்டு பிடிக்கும். தோழிகள் சம்பளம் வாங்கும்போது இவள் உதவித்தொகையில் இருப்பாள்.

பண விஷயத்தில் ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன்: வீட்டை அடமானம் வைக்காதீர்கள். உதவித்தொகை இல்லாத முனைவர் பட்ட இடம் எத்தனை பெரிய பெயருள்ள பல்கலைக்கழகத்தில் கிடைத்தாலும் வேண்டாம்.

இந்த விடுமுறையில் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் அனுமதி கேட்டு, நுண்ணோக்கிக்கு மாதிரி தயாரிப்பவர் பக்கத்தில் இரண்டு நாள் உட்காரட்டும். காலையிலிருந்து செய்த மாதிரி மாலையில் பாழாகும், அவர் பெருமூச்சு விட்டு மறுபடி ஆரம்பிப்பார். அதைப் பார்த்த பிறகும் மூன்றாம் நாள் போகக் கிளம்பினால், விண்ணப்பத்தை நிரப்பிவிடுங்கள். என்னிடம் திரும்ப வர வேண்டியதில்லை.