தன் வட்டாரம் எது என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, சிங்கப்பூரின் ஓவன் சாலையில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வாடகைக்குக் குடியேறி இரண்டு மாதமாகிறது என்று எழுதியிருந்தீர்கள். வீட்டு முகவர் அந்த இடத்தை 'டிஸ்ட்ரிக்ட் எட்டு' என்கிறார், அரசாங்க வரைபடம் 'ரோச்சோர்' என்கிறது, மின்தூக்கி அருகே உள்ள அறிவிப்புப் பலகையில் வேறொரு பெயர் இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பெரியவரோ 'தேக்கா' என்று முடித்துவிடுகிறார். அப்படியானால் இது எந்த மாவட்டம், மின்தூக்கி அடிக்கடி நின்றுபோவதை எந்தக் கவுன்சிலரிடம் சொல்வது என்று கேட்கிறீர்கள். 1999-இல் தஞ்சாவூரிலிருந்து வந்தபோது எனக்கும் இதே குழப்பம் இருந்தது. சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளைப் போல இங்கும் ஏதோ ஒன்று இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒன்று இங்கே இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. 1951 செப்டம்பர் 22 அன்று சிங்கப்பூருக்கு மாநகரத் தகுதி கிடைத்தது. அதுவரை முனிசிபாலிட்டி ஆணையர்கள் பார்த்துவந்த வேலைகளை மாநகர மன்றம் ஏற்றது. 1957 டிசம்பரில் அதன் 32 இடங்களுக்கும் தேர்தல் நடந்து, ஓங் எங் குவான் மேயரானார். 1959-இல் தன்னாட்சி வந்ததும், இத்தனை சிறிய தீவுக்கு இரண்டு அரசாங்கங்கள் வேண்டாம் என்று அதன் பொறுப்புகளை மத்திய அரசாங்கமே எடுத்துக்கொண்டது. தண்ணீரும் மின்சாரமும் எரிவாயுவும் 1963-இல் அமைந்த பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குப் போயின. மாநகர மன்றம் இயங்கிய கட்டடம்தான் இன்று தேசியக் கலைக்கூடத்தின் ஒரு பாதி. தெருக்கூட்டுவது முதல் சாலை போடுவது வரை முனிசிபாலிட்டியின் கடும் வேலைகளில் பெரும்பங்கைச் செய்தவர்கள் தமிழர்கள் என்பதால், இங்குள்ள பழைய குடும்பங்கள் பலவற்றில் அந்த மன்றத்தில் வேலை பார்த்த தாத்தா ஒருவர் இருப்பார்.

இப்போது உங்கள் புளோக்கின் (அடுக்குமாடிக் கட்டடத்தின்) மின்தூக்கி, நடைபாதை, கீழ்த்தளம், குப்பைக் குழாய் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வது நகர மன்றம். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் இது முற்றிலும் வேறு அமைப்பு. 1986-இல் அங் மோ கியோவில் முன்னோட்டமாகத் தொடங்கி, 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தீவு முழுவதும் வந்தது. இதை நடத்துபவர்கள் அந்தந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்களே. தனியாகக் கவுன்சிலர் தேர்தல் கிடையாது. பராமரிப்புக் கட்டணத்தை வீட்டு உரிமையாளர் கட்டியாக வேண்டும். உங்களிடம் தனியாக யாராவது கேட்டால் முதலில் வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. நகர மன்றத்தின் எல்லை தேர்தல் தொகுதியின் எல்லையோடு ஒட்டியது. தொகுதியின் எல்லையோ ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் முன்பு மறுஆய்வு செய்யப்படுவது. நான் ஜாலான் புசார் பக்கம் குடியிருக்கிறேன். 1988-இல் உருவான ஜாலான் புசார் குழுத்தொகுதி (பல உறுப்பினர்கள் ஒரு குழுவாகத் தேர்ந்தெடுக்கப்படும் தொகுதி) 2011 தேர்தலில் இல்லாமல் போய், மோல்மீன்-காலாங் என்ற புதிய தொகுதி வந்தது. 2015-இல் அது கலைந்து, ஜாலான் புசார் மீண்டும் பிறந்தது. நாங்கள் வீடு மாறவில்லை, சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும் மரம்கூட மாறவில்லை, ஆனால் அறிவிப்புப் பலகையின் பெயர் மட்டும் இருமுறை மாறியது. அதனால் அந்தப் பெயரை ஊரின் பெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதை அன்றைய நிர்வாகத்தின் முகவரி என்று மட்டும் கொள்ளுங்கள்.

'ரோச்சோர்' என்பது நகர மறுசீரமைப்பு ஆணையம் தீவைப் பிரித்திருக்கும் 55 திட்டமிடல் வட்டாரங்களில் ஒன்று. லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க், காம்போங் கிளாம் எல்லாம் அதன் உட்பிரிவுகள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு போன்றவற்றுக்கு அது பயன்படும். உங்களுக்கு அதனால் பெரிய வேலை இல்லை. முகவர் சொல்லும் எட்டு, பழைய 28 அஞ்சல் வட்டாரங்களில் ஒன்று. 1995-இல் ஆறிலக்க அஞ்சல் எண் வந்தபிறகு அஞ்சல்காரருக்கு அது தேவையில்லை, வீட்டு வியாபாரத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது. உங்கள் அஞ்சல் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களைப் பாருங்கள், பெரும்பாலும் உங்கள் புளோக் எண்ணாகத்தான் இருக்கும்.

இனிப் பெரியவர் சொன்ன பெயருக்கு வருகிறேன். எனக்கு இதுதான் பிடித்த பகுதி. நீங்கள் நடந்துபோகும் இடமெல்லாம் ஒரு காலத்தில் ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்நிலம். புல்லும் தண்ணீரும் இருந்ததால் மாட்டு வியாபாரம் இங்கே நிலைகொண்டது. பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் எருமையின் ஆங்கிலப் பெயரும் மலாய்ப் பெயரும். கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைப் பட்டி, கேகே மருத்துவமனையின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். பெலிலியோஸ் சாலைக்குப் பெயர் தந்தவர் கல்கத்தாவிலிருந்து வந்த மாட்டு வியாபாரி. களிமண்ணால் செங்கல் சூளைகள் வந்தன. சுண்ணாம்புக் காளவாய்களால் நம்மவர்கள் அந்தப் பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள், மலாய்க்காரர்கள் காம்போங் காப்போர் என்றதும் அதே பொருளில்தான். உங்கள் ஃபேரர் பார்க் திடலில் 1843 முதல் 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்தது, ரேஸ் கோர்ஸ் சாலை அதன் மிச்சம். திடலுக்குப் பெயர் தந்த ஃபேரர் முனிசிபாலிட்டியின் தலைவராக இருந்தவர். தேக்கா என்பது சிறு மூங்கில்களின் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் (ஒரு சீனக் கிளைமொழி) சொல்லின் திரிபு. நான் வந்த புதிதில் சந்தைக் கட்டடத்தின் பெயர் மாண்டரின் உச்சரிப்பில் 'சூஜியாவ்' என்றிருந்தது. யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, 2000-இல் அதிகாரபூர்வமாகவே தேக்கா நிலையம் ஆனது. லிட்டில் இந்தியா என்பதோ 1980-களில் புழக்கத்துக்கு வந்த பெயர், 1989-இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. ஆகப் பெரியவரின் பதில் லிட்டில் இந்தியா என்ற பெயரைவிட மூத்தது.

இன்னும் இரண்டு எல்லைகள் உண்டு, இவற்றை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். 2015-ஆம் ஆண்டு மதுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். தீவெங்கும் இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக்கூடாது. இந்த வட்டாரத்துக்குள் வாரயிறுதியும் பொது விடுமுறையும் முழுவதுமே தடை, தண்டனையும் கூடுதல். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர்கள் வந்து திடலில் கூடினால் நினைவில் வையுங்கள். அடுத்தது, முழு வீவக வீட்டை வாடகைக்கு எடுக்கும் வெளிநாட்டவர்களுக்கான ஒதுக்கீடு: மலேசியர் அல்லாத வெளிநாட்டவர் ஒரு பேட்டையில் 8 விழுக்காடு, ஒரு புளோக்கில் 11 விழுக்காடு என்ற அளவை எட்டிவிட்டால் உங்களுக்கு அந்த வீடு கிடைக்காது. முன்பணம் கொடுக்கும் முன் அதை உரிமையாளரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

மேயர் என்று இங்கும் ஐந்து பேர் இருக்கிறார்கள், ஐந்து சமூக மேம்பாட்டு மன்றங்களின் (சுருக்கமாக சிடிசி) தலைவர்கள். கடைகளில் பார்க்கும் சிடிசி பற்றுச்சீட்டு அவர்கள் வழியாக வருவது, அது சிங்கப்பூர்க் குடிமக்கள் உள்ள குடும்பங்களுக்கு. மின்தூக்கிக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை.

மின்தூக்கிக்குள்ளோ அறிவிப்புப் பலகையிலோ நகர மன்றத்தின் 24 மணி நேர எண் இருக்கும். சாலையிலோ உணவங்காடியிலோ மரத்திலோ குறை என்றால் ஒன்சர்வீஸ் செயலியில் படத்தோடு போடுங்கள், உரிய அமைப்புக்கு அதுவே அனுப்பிவிடும். அழைக்கும்போது புளோக் எண்ணையும் எந்த மின்தூக்கி, எந்த மாடியில் நின்றது என்பதையும் சொல்லுங்கள். அது எந்த மாவட்டம் என்று என்னை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.