கட்சி ஆபீஸ் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: வக்கீல் சார், எனக்கு ஊர் உசிலம்பட்டி பக்கம். 31 வருடமாக ஒரே கட்சியில் இருந்தேன். 2009-ல் ஒன்றிய அலுவலகத்துக்காக ஊர் ஊராக வசூல் செய்து மூன்று சென்ட் இடம் வாங்கிக் கட்டடம் கட்டினோம். கறவை மாட்டை விற்று நான் 40,000 ரூபாய் கொடுத்தேன். பத்திரத்தை அப்போதைய ஒன்றியச் செயலாளர் பெயரில் முடித்தார்கள். இரண்டு வருடம் முன்பு அவர் தவறிவிட்டார். உட்கட்சித் தேர்தல் எதுவும் வைக்காமல் அவர் மகனைச் செயலாளராக அறிவித்தார்கள். அவர் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, கீழ்த்தளத்தைச் செல்போன் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் இருந்த கல்வெட்டு மீதும் பெயின்ட் அடித்துவிட்டார்கள். கூட்டத்தில் இதைக் கேட்டேன். எட்டாம் நாள் கட்சிப் பத்திரிகையில் என்னை நீக்கியதாகச் செய்தி வந்தது. ஹைகோர்ட்டில் ரிட் போட்டு மறுபடி கட்சிக்குள் வர முடியுமா? மகனை நியமித்தது செல்லுமா?

பதில்: ஐயா, நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளிலும் சட்டம் உங்களுக்குப் பெரிதாகக் கைகொடுக்காது. போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்தக் கட்டட விஷயத்தில்தான் பிடிப்பு இருக்கிறது.

முதலில் ரிட், அதாவது அரசு அமைப்புகளின் செயலை எதிர்த்து நேராக ஹைகோர்ட்டில் போடுகிற மனு. ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை இருக்கிற ஒத்தக்கடைக்குப் பஸ் ஏறுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கட்சி என்பது அரசு அமைப்பு அல்ல, உறுப்பினர்கள் தாங்களாகக் கூடி அமைத்த சங்கம். அதன் உள்விவகாரத்தில் ரிட் சாதாரணமாக நிற்காது. சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். சங்கத்திலிருந்து ஒருவரை நீக்குவது பற்றி டி.பி. தாவர் என்பவர் வழக்கில் 1960-களிலேயே உச்ச நீதிமன்றம் வழி சொல்லியிருக்கிறது. நீக்கியது சரியா தப்பா என்று கோர்ட் எடை போடாது. விதிப்படி நடந்தார்களா, நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்டார்களா, நல்லெண்ணத்தோடு செய்தார்களா என்று மட்டும் பார்க்கும். உங்களுக்கு நோட்டீஸே வரவில்லை. “அடிப்படை உறுப்பினர் உள்ளிட்ட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்படுகிறார், கட்சியினர் யாரும் அவருடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது” என்ற வழக்கமான நாலு வரிதான் வந்திருக்கிறது. கட்சியின் சட்டதிட்டப் புத்தகத்தில் விளக்கம் கேட்க வேண்டும் என்று விதி இருந்தால் உங்கள் கை ஓங்கும். மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஆனால் ஜெயித்து உள்ளே போனால், மறுநாளே முறைப்படி நோட்டீஸ் கொடுத்து மறுபடி நீக்குவார்கள். நான் பார்த்தவரை அப்படித்தான் நடக்கிறது.

அப்பாவுக்குப் பிறகு மகன் வரக்கூடாது என்று நம் நாட்டில் சட்டம் கிடையாது. பிலிப்பைன்ஸ் நாட்டின் 1987 அரசியல் சாசனம் அரசியல் வாரிசுக் குடும்பங்களைத் தடை செய்கிறது, ஆனால் “சட்டம் வரையறுக்கிறபடி” என்று ஒரு வால் வைத்துவிட்டது. அந்தச் சட்டத்தைப் போட வேண்டிய சபையில் அதே குடும்பத்துக்காரர்கள் நிறைய இருந்ததால் 2016-ல் இளைஞர் மன்றத் தேர்தலுக்கு மட்டும்தான் நாடு முழுக்கத் தடை வந்தது. இங்கே அந்த ஒரு வரிகூட இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவில் கட்சியைப் பதிவு செய்யும்போது குறித்த காலத்துக்கு ஒருமுறை உட்கட்சித் தேர்தல் நடத்துவோம் என்று விதியில் காட்ட வேண்டும், அவ்வளவுதான். காட்டிவிட்டு நடத்தாமல் விட்டால்? பதிவு செய்த கட்சி தன் விதியை மீறியது என்பதற்காக அதன் பதிவை ரத்து செய்யத் தேர்தல் ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆணையத்துக்கு மனு அனுப்புங்கள், தப்பில்லை. அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

பெரிய தலைகளே கட்சி விதியை வைத்து வழக்காடிப் பார்த்தார்கள். 2022 ஜூலை 11 அ.தி.மு.க. பொதுக்குழு வழக்கில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வத்துக்குத் தனி நீதிபதியிடம் வெற்றி, இரு நீதிபதிகள் அமர்வில் தோல்வி, 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்திலும் தோல்வி. முன்னாள் முதல்வர் பாடே இப்படி என்றால் ஒன்றியத்து ஆளுக்கு எவ்வளவு தூரம் ஓட முடியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். பதவி வாரிசுக்குப் போகலாம், ஊர் வசூலில் வாங்கிய இடம் வாரிசுக்குப் போகாது. இறந்தவர் அந்த இடத்தைக் கட்சிக்காரர்கள் சார்பில் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருந்தார் என்பதுதான் உங்கள் வாதம். மகன் தரப்பு பினாமி தடைச் சட்டத்தைக் காட்டும், “பத்திரம் அப்பா பெயரில், உனக்கென்ன உரிமை” என்று கேட்கும். நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருந்த சொத்துக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. பட்டா மாறியது பற்றிக் கவலை வேண்டாம், பட்டா மட்டும் உரிமை தராது. ஆனாலும் தாசில்தாரிடம் ஆட்சேபணை மனு கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழக்குப் போடும் காலக்கெடு தாண்டிவிட்டது என்று கிளப்பி எதிராளி மல்லுக்கு நிற்பார், அதனால் தள்ளிப்போடாதீர்கள். அவர் விற்றுவிட்டால், விலை கொடுத்து வாங்கினவன் “எனக்கு ஒன்றும் தெரியாது” என்று நிற்பான். வழக்குப் போட்ட பிறகு விற்றாலோ, வாங்கியவனைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும்.

நீங்கள் ஒருவர் தனியாகப் போடாதீர்கள். கட்சியில் இல்லாதவர் எப்படிக் கேட்கலாம் என்பதே முதல் ஆட்சேபணையாக வரும். இன்னும் உறுப்பினர் அட்டை வைத்திருக்கிற, அன்று பணம் கொடுத்த நாலைந்து பேரைச் சேர்த்து, எல்லாருக்காகவும் சிவில் நடைமுறைச் சட்டம் 1-வது ஆணை 8-வது விதிப்படி கோர்ட் அனுமதியோடு வழக்குப் போடுங்கள். கட்சித் தலைமையையும் எதிர்வாதியாகச் சேர்க்க வேண்டும். ஏனென்றால் ஜெயித்தாலும் கட்டடம் கட்சிக்குத்தான், உங்கள் 40,000 திரும்ப வராது. அது கசந்தால் இப்போதே விட்டுவிடுவது நல்லது. வாடகைக் கணக்கைக் கேட்டு, விற்கக் கூடாது என்று இடைக்காலத் தடையும் கேளுங்கள். போலீஸுக்குப் போனால் சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்புவார்கள்.

இனி ஆதாரம். வில்லங்கச் சான்றையும் 2009 பத்திர நகலையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்குங்கள். வசூல் ரசீது கட்டைகள் யாரிடமாவது கிடக்கும். கல்வெட்டில் பெயின்டுக்கு அடியில் எழுத்துப் பள்ளம் தெரிகிறது என்றால், காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போய் போட்டோ எடுங்கள், பெயர்கள் துலங்கும். வழக்குப் போட்டதும், நேரில் பார்த்து அறிக்கை தரக் கோர்ட் நியமிக்கிற வக்கீல் கமிஷனரை வைத்து அதைப் பதிவு செய்யச் சொல்லலாம். அதற்குள் கல்லையே பெயர்த்தெடுத்துவிட்டால் போட்டோதான் கதி.

எல்லாவற்றையும் விடப் பெரியது ஒன்றியக் கூட்டத் தீர்மானப் புத்தகம். “கட்சிக்காக இடம் வாங்க முடிவு செய்யப்பட்டது” என்று அதில் ஒரு வரியும் கையெழுத்துகளும் இருந்தால் பாதி வழக்கு முடிந்த மாதிரி. அப்போதைய பொருளாளர் வீட்டில் கேட்டுப் பாருங்கள். தனியாகப் போகாதீர்கள், ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், பக்கங்களை அங்கேயே வைத்துப் போட்டோ எடுத்துவிட்டு, கைச்சீட்டு எழுதிக் கொடுத்து வாங்கி வாருங்கள்.