மென்பொருள் வாங்கும் முன் நூன் ரிப்போர்ட்டைப் பாருங்கள்

கேள்வி: ஏழு சரக்குக் கப்பல்களை இயக்கும் நிறுவனத்தில் தொழில்நுட்பப் பிரிவைக் கவனித்து வருகிறேன். கப்பல்களில் பெரும்பாலானவை பதினைந்து வயதைத் தாண்டியவை. பராமரிப்பு, எரிபொருள், பயணத் திட்டம் எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவரச் சொல்கிறது நிர்வாகம். இருக்கிற வேலைக்கே நேரமில்லை என்கிறார்கள் கேப்டன்கள். சைபர் தாக்குதல் பற்றிய பயமும் இருக்கிறது. எதில் தொடங்குவது?

பதில்: கேப்டன்கள் சொல்வதிலிருந்தே தொடங்குங்கள். புது மென்பொருள் வந்தால் கூடவே நாலு படிவமும் வரும் என்பது அவர்கள் பட்டறிந்த உண்மை. கப்பலில் இருப்பவரின் வேலையைக் குறைக்காத எந்த அமைப்பும் நிலைக்காது. பேருக்கு நிரப்பிய எண்கள்தான் கரைக்கு வந்து சேரும்.

ஒரே ஒரு கப்பலின் நூன் ரிப்போர்ட்டை, அதாவது தினமும் நண்பகலில் கப்பல் அனுப்பும் அறிக்கையை, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் கப்பல் இருந்த இடம், ஓடிய தூரம், சராசரி வேகம், காற்று, அலை, எரிபொருள் செலவு, மீதி இருப்பு. இதே எண்கள் அலுவலகத்துக்கு ஒரு எக்செல் தாளிலும், கப்பலை வாடகைக்கு எடுத்த சார்ட்டரருக்கு வேறொரு படிவத்திலும், வானிலை ஆலோசனை தரும் நிறுவனத்துக்கு இன்னொரு படிவத்திலும் போகும். லாக் புத்தகத்தில் ஏற்கெனவே கையால் எழுதியாயிற்று. கிராஸ் டன்னேஜ் (கப்பலின் மொத்தக் கொள்ளளவைக் குறிக்கும் எண்) 5,000-உம் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் 2019 முதல் சர்வதேச கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ.வின் எரிபொருள் கணக்குக்கும் தரவு சேகரிக்க வேண்டும். அந்தக் கணக்கை வைத்தே 2023 முதல் கப்பல்களுக்கு ஏ முதல் ஈ வரை சி.ஐ.ஐ. (கார்பன் வெளியீட்டுச் செறிவு) தரம் போடுகிறார்கள். ஆகவே ஓர் எண்ணை ஒருமுறை உள்ளிட்டால் அது தேவையான எல்லா இடத்துக்கும் தானே போய்ச்சேர வேண்டும். உங்கள் முதல் திட்டம் இதுவாக மட்டும் இருக்கட்டும். இரண்டு கப்பல்களில் ஓட்டிப் பாருங்கள். அதிகம் குறை சொல்லும் கேப்டனின் கப்பல் அதில் ஒன்றாக இருக்க வேண்டும். ஓட்டை எங்கே என்று அவர்தான் காட்டுவார்.

அடுத்து, அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். பழைய கப்பல்களில் பெரும்பாலும் டேங்கில் டேப்பை இறக்கி சவுண்டிங் எடுத்து (எண்ணெய் மட்டத்தை அளந்து), கப்பலின் சாய்வுக்கும் வெப்பநிலைக்கும் திருத்தம் போட்டுத்தான் எரிபொருள் கணக்கு வருகிறது. கடல் ஆடும்போது அந்த அளவும் ஆடும். அதன் மேல் எவ்வளவு உயர்ந்த பகுப்பாய்வு மென்பொருளை ஏற்றினாலும் பயனில்லை. எடையையே நேரடியாக அளக்கும் மாஸ் ஃப்ளோ மீட்டரை மெயின் எஞ்சினின் எரிபொருள் குழாயில் பொருத்துங்கள். எஞ்சினுக்குப் போன எரிபொருளில் ஒரு பகுதி திரும்பி வரும். திரும்பும் குழாயை அளக்க மறந்தால் செலவு கூடுதலாகத் தெரியும்.

அதோடு, எஞ்சினையும் புரொப்பெல்லரையும் இணைக்கும் ஷாஃப்டில் அதன் முறுக்குவிசையை அளக்கும் ஒரு டார்க் மீட்டர். இதை நான் அழுத்திச் சொல்வேன். அதே வேகத்துக்கு, அதே லோடிலும் வானிலையிலும், ஷாஃப்ட் பவர் கூடுகிறதென்றால் கப்பலின் அடிப்பகுதியிலோ புரொப்பெல்லரிலோ பாசியும் சிப்பியும் படிந்திருக்கலாம். அதே பவருக்கு எரிபொருள் கூடுகிறதென்றால் எஞ்சினைப் பாருங்கள். இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட முடிந்தாலே, அடிப்பகுதியைச் சுத்தம் செய்வதா, இன்ஜெக்டரைக் கழற்றுவதா என்ற முடிவு ஊகத்திலிருந்து விடுபடும்.

இந்த எண்களைத் தண்டிக்கப் பயன்படுத்தாதீர்கள். கணக்கில் காட்டாமல் கொஞ்சம் எரிபொருளைக் கைவசம் வைத்துக்கொள்ளும் வழக்கம் சில எஞ்சின் ரூம்களில் உண்டு. குறைந்தால் கேள்வி வரும் என்ற பயம்தான் காரணம். மீட்டர் வைத்த முதல் மாதமே விளக்கக் கடிதம் கேட்டால் சீஃப் இன்ஜினியரை நிரந்தரமாக இழந்துவிடுவீர்கள். பகுப்பாய்வின் முடிவைக் கப்பலுக்கும் திருப்பி அனுப்புங்கள். தான் தந்த எண் எதற்குப் பயன்பட்டது என்று தெரிந்தவர் கவனமாக எழுதுவார்.

கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜைப் பொறுத்தவரை, திரையில் தெரிவதை வேறொரு வழியில் சரிபார்க்கும் பழக்கம் போய்விடக் கூடாது. 1995 ஜூனில் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் போன ‘ராயல் மெஜஸ்டி’ பயணிகள் கப்பலில் ஜி.பி.எஸ். ஆன்டெனா கேபிள் கழன்றுவிட்டது. வேகத்தையும் திசையையும் வைத்து இடத்தை ஊகிக்கும் உத்தேசக் கணக்குக்குக் கருவி சத்தமின்றி மாறியது. திரையின் மூலையில் சிறிய எழுத்துகளில் மட்டும் அது தெரிந்தது. ஒரு நாளுக்கு மேல் யாரும் கவனிக்கவில்லை. பாதையிலிருந்து சுமார் 17 கடல் மைல் விலகி, அமெரிக்காவின் நான்டுக்கெட் தீவருகே தரைதட்டியது. எக்டிஸ் எனும் மின்னணு வரைபடக் கருவியில் பயிற்சி கொடுக்கும்போது, சிக்னல் போனால் திரை எப்படி மாறும் என்பதைக் கப்பலிலுள்ள அதே மாடலில் காட்டச் சொல்லுங்கள். ரேடாரிலும் கண்ணாலும் நிலையைச் சரிபார்க்கும் இடைவெளியை எழுத்தில் வையுங்கள்.

சைபர் ஆபத்தைப் பாதுகாப்பு மேலாண்மை அமைப்பில் சேர்ப்பது 2021 முதல் ஐ.எம்.ஓ. எதிர்பார்க்கும் விஷயம். மாலுமிகளின் வைஃபை, அலுவலகக் கணினிகள், பிரிட்ஜ் மற்றும் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கருவிகள் மூன்றும் ஒன்றையொன்று தொடாத வலையமைப்புகளாக இருக்கட்டும். எக்டிஸுக்குச் சார்ட் அப்டேட் ஏற்றும் பென் டிரைவில் வேறு எதுவும் ஏறக் கூடாது. கருவி விற்றவருக்குத் தொலைவிலிருந்து நுழையும் வழியை வேலை இருக்கும்போது மட்டும் திறந்துவிடுங்கள். வலையமைப்பில் இணைக்காத ஒரு பேக்கப் கட்டாயம் தேவை. 2017இல் நாட்பெட்யா எனும் கணினித் தீநிரல் தாக்கியபோது மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மீண்டும் நிறுவ வேண்டியிருந்தது. முக்கியமான ஒரு தரவின் நல்ல நகல் அவர்களுக்குக் கானா அலுவலகத்தில்தான் கிடைத்தது. மின்வெட்டால் அந்தச் சர்வர் அப்போது அணைந்திருந்தது.

டிஜிட்டல் ட்வின் (கப்பலின் கணினி நகல்), செயற்கை நுண்ணறிவு எல்லாம் காத்திருக்கலாம். நம்பத்தக்க ஓராண்டு தரவு கையில் வந்தபின் யோசியுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒன்றை எழுதி வாங்குங்கள்: தரவு உங்களுடையது, எப்போது கேட்டாலும் பொதுவான கோப்பு வடிவில் முழுதும் தரப்படும் என்று. மெர்ஸ்கும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து நடத்திய டிரேட்லென்ஸ் சரக்குத் தகவல் தளத்தையே மூடுவதாக 2022 நவம்பரில் அறிவித்தார்கள். உங்கள் விற்பனையாளர் அவர்களைவிடப் பெரியவராக இருக்க வாய்ப்பில்லை. அந்த வரியைச் சேர்க்கத் தயங்கினால் அடுத்தவரிடம் விலை கேளுங்கள்.