230 வோல்ட் மோட்டாருக்கு 440 வோல்ட் கண்டன்சர் எதற்கு?

கேள்வி: எங்கள் வீட்டு போர் மோட்டார் 1 எச்.பி., சிங்கிள் ஃபேஸ். பட்டனை அழுத்தினால் உறுமுகிறது, கிளம்பவில்லை. பேனல் பெட்டிக்குள் இரண்டு கண்டன்சர்: ஒன்றில் 36 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட், அதாவது கண்டன்சரின் கொள்ளளவு), 440 வோல்ட், இன்னொன்றில் 120-150 எம்எஃப்டி, 275 வோல்ட். வீட்டுக்கு வருவதே 230 தான், பிறகு 440 எதற்கு? கடையில் 36-இல் 250 வோல்ட்தான் இருக்கிறதாம், "அதுவே போதும், போடுங்க" என்கிறார்கள். இன்னொரு குழப்பம், முன்பு மோட்டார் நன்றாக ஓடியபோது அந்த 36-இன் இரு முனையிலும் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 340 காட்டியது. மீட்டர் கெட்டுவிட்டதா? மோட்டாரோடு மல்லுக்கட்டிப் பழகியவர்கள் யாராவது சொல்லுங்கள்.
- வாசகர், பல்லடம்

பதில்: மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு அந்த 340-லேயே பதில் இருக்கிறது.

கண்டன்சர் மேல் போட்டிருக்கும் வோல்ட் அது கொடுக்கும் வோல்ட் இல்லை, தாங்கும் வோல்ட். சரி, 230-க்கு 250 தாங்கினால் போதாதா என்றால், போதாது. 36 எம்எஃப்டி கண்டன்சர் மோட்டார் ஓடும் நேரமெல்லாம் லைனில் நிற்கும் ரன்னிங் கண்டன்சர், ஸ்டார்ட்டிங் காயிலோடு வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கிறது. ஏ.சி.யில் காயிலின் வோல்ட்டும் கண்டன்சரின் வோல்ட்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகாது, பெரும்பகுதி ஒன்றையொன்று எதிர்த்துக்கொண்டு நிற்கும். அதனால் இரண்டையும் சேர்த்து அளந்தால் 230 வந்தாலும், தனித்தனியாக அளந்தால் ஒவ்வொன்றும் அதைத் தாண்டியிருக்கலாம். லோடு குறைவாக ஓடும்போது கண்டன்சரில் வோல்ட் இன்னும் ஏறும். 250 போட்டால் சில நாள் ஓடும், அப்புறம் உப்பிக்கொண்டு போய்விடும். கடைக்காரரிடம் 440 கேட்டே வாங்குங்கள். அதற்கு மேல் தாங்குவது கிடைத்தாலும் தவறில்லை, சைஸ்தான் கொஞ்சம் பெரிதாக இருக்கும். எம்எஃப்டி மட்டும் மாறக்கூடாது. இழுவை கூடும் என்று 50 போடுகிறவர்கள் உண்டு, காயில் சூடாகி ரீவைண்டிங் செலவுதான் மிச்சம்.

275 வோல்ட்காரர் வேறு ஜாதி. அது ஸ்டார்ட்டிங் கண்டன்சர், பச்சை பட்டனை அழுத்திப் பிடிக்கும் இரண்டு மூன்று வினாடி மட்டும் வேலை. மோட்டார் வேகம் பிடித்து வோல்ட் ஏறுவதற்குள் கழன்றுவிடும், அதனால் 275 போதும். பட்டன் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் அது லைனிலேயே நின்று வெடித்துவிடும். (ரேடியோ, ஆம்ப்ளிஃபையரில் வரும் பிளஸ் மைனஸ் போட்ட 450 வோல்ட் டி.சி. கண்டன்சரை இங்கே போட்டுப் பார்க்கும் ஆர்வக்கோளாறு யாருக்கும் வேண்டாம். அதுவும் வெடிக்கும்.)

நீங்கள் 36-ஐ மாற்றக் கிளம்பிவிட்டீர்கள், ஆனால் உறுமிக்கொண்டு கிளம்பாமல் நிற்கிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் அந்த 120-150 எம்எஃப்டி பெரியவர்மேல்தான். கண்டன்சர் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டரில் இரண்டையும் பாருங்கள். சில மீட்டர் 20 எம்எஃப்டியோடு நின்றுவிடும், அது உதவாது. 36-இல் 34-க்கும் 38-க்கும் நடுவில் வந்தால் நல்லது, 30-க்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். பெரியது 120-க்கு வெகு கீழே காட்டினால் குற்றவாளி அதுதான். இரண்டும் சரியாக இருந்தால் கரண்ட் லோ வோல்டேஜா, பம்ப் மண்ணில் சிக்கிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். அதுவரை உறுமவிட்டுக் காத்திருக்காதீர்கள், காயில் கருகிவிடும்.

மோட்டார் ஓட ஆரம்பித்த பிறகு கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்விப் பிடித்து ஆம்ப்ஸ் அளப்பது) கிடைத்தால் இன்னொரு சோதனை செய்யலாம். 36-க்குப் போகும் ஒயரில் ஆம்ப்ஸ் எடுத்து, அதை 3183-ஆல் பெருக்கி, கண்டன்சர் வோல்ட்டால் வகுத்தால் எம்எஃப்டி வந்துவிடும் (நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு இந்தக் கணக்கு). உங்கள் 340 வோல்ட்டுக்கு 3.8 ஆம்ப்ஸ் அளவில் காட்ட வேண்டும்.

கழற்றும் முன் மெயினை அணைத்துவிட்டு, ஹோல்டரில் மாட்டிய ஒரு குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் கண்டன்சர் முனைகளில் சில வினாடி வையுங்கள், பிறகு மீட்டரில் வோல்ட் இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். அணைத்துவிட்டோமே என்று நான் ஒரு தடவை நேராகக் கை வைத்தேன், ஸ்பேனர் கிணற்றுக்குள் போய்விட்டது.