கராத்தேயா, குத்துச்சண்டையா?

கேள்வி: என் 14 வயது மகள் குத்துச்சண்டை கற்க ஆசைப்படுகிறாள். அது முரட்டுத்தனத்தைத்தான் வளர்க்கும், கராத்தே போன்ற மரபுக் கலைகளே அடக்கத்தையும் மன உறுதியையும் தந்து பிள்ளைகளை வாழ்க்கைக்கு ஆயத்தப்படுத்தும் என்கிறார் என் கணவர். மரபுக் கலை என்பது காற்றோடு போடும் சண்டை என்கிறாள் மகள். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் வீட்டில் மரபுக்கும் நவீனத்துக்கும் இடையே இழுக்கப்பட்டிருக்கும் கோட்டை முதலில் கொஞ்சம் அழிக்க வேண்டியிருக்கிறது. கையுறை, மூன்று நிமிடச் சுற்று, விழுந்தவர் எழுவதற்குப் பத்து எண்ணும் வழக்கம் ஆகியவற்றைக் குத்துச்சண்டைக்குத் தந்த குவீன்ஸ்பெரி விதிகள் 1867-இல் வெளிவந்தவை. பழமையின் சின்னமாக உங்கள் கணவர் மதிக்கும் கறுப்பு பெல்ட்டோ அதற்குப் பிறகு ஜூடோவில் பிறந்து, அங்கிருந்து கராத்தேக்குப் போனது.

அந்த ஜூடோவின் கதையிலேயே உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இருக்கிறது. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ தொழிலால் கல்வியாளர். 1882-இல் டோக்கியோவில் கொடோகான் பள்ளியைத் தொடங்கிய அவர், ஜப்பானின் பழைய மற்போர்க் கலையான ஜுஜுட்சுவில் இருந்த, முழு வேகத்தில் செய்தால் கூட்டாளியை முடமாக்கிவிடக்கூடிய உத்திகளை நேரடிப் பயிற்சியிலிருந்து விலக்கிவைத்தார். கலையின் பல்லைப் பிடுங்கிவிட்டார் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஆபத்தானவை விலகிய பிறகுதான், விழ மறுத்து எதிர்த்து நிற்கும் ஒருவரை முழு பலத்தோடு நாள்தோறும் எறிந்து பழக மாணவர்களால் முடிந்தது. 'ரந்தோரி' எனப்படும் இந்தப் பயிற்சியில், தான் கற்றது பலிக்கிறதா இல்லையா என்பது மாணவனுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். பலிக்காதபோது தோற்று, எழுந்து, வணங்கி, மறுபடியும் பிடிக்க வேண்டும்.

வாழ்க்கைக்கான ஆயத்தம் என்று நான் கருதுவது இதைத்தான். இந்த அளவில் உங்கள் மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எதிராளியே இல்லாமல், வரிசைப்படுத்தப்பட்ட அசைவுகளான 'கட்டா'வை மட்டும் செய்து அடுத்தடுத்து பெல்ட் வாங்கும் மாணவருக்குத் தன்னைப் பற்றிய ஒரு கற்பனை வளரக்கூடும். அதைத் திருத்த அங்கே எதிர்ப்பவர் யாரும் இருப்பதில்லை. அதற்காகக் கட்டா வீண் என்று சொல்ல மாட்டேன். தனியாக, கருவியின்றி, முதுமையிலும் செய்யக்கூடிய பயிற்சி அது. குத்துச்சண்டை மேடையில் ஒருவர் நிற்கக்கூடிய காலமோ குறைவு.

அடக்கத்தைப் பொறுத்தவரை, அது குறிப்பிட்ட ஒரு கலையின் சொத்து அன்று. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, எடை வரம்பற்ற பிரிவின் இறுதிப் போட்டியில் நெதர்லாந்தின் ஆன்டன் கீசிங்க் ஜப்பானின் அகியோ கமினாகாவைச் சொந்த மண்ணிலேயே வீழ்த்தினார். மகிழ்ச்சியில் களத்துக்குள் ஓடிவந்த தம் நாட்டினரை அவர் கையுயர்த்தித் தடுத்து நிறுத்தினார். அந்த மரியாதையை எந்தப் பள்ளியும் கற்றுத்தரலாம். தினமும் நூறு முறை குனிந்து வணங்கும் பள்ளியும் கற்றுத்தராமல் போகலாம். ஆகவே கலையின் பெயரை விட்டுவிட்டு, நீங்கள் மூவருமாகப் போய் ஒரு வகுப்பு முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். அங்கிருப்பவர்களில் மிக வலிமையான மாணவர், நேற்றுச் சேர்ந்தவரோடு பயிற்சி செய்யும்போது தம் பலத்தை எப்படி அளந்து பயன்படுத்துகிறார் என்பதைக் கவனித்தாலே ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

உங்கள் கணவரின் அச்சம் வேறோர் இடத்தில் மிகச் சரியானது. தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளைக்குச் செய்யும் கேட்டை, அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் குத்துச்சண்டை வீரர்களிடம் கண்டு 1928-லேயே எழுதினார். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்குமே தவிர, மண்டைக்குள் மூளை குலுங்குவதை நிறுத்திவிடாது. கால் நகர்த்தல், பையில் குத்துதல், தலையைத் தொடாத மென்மையான ஸ்பாரிங் (இருவர் மோதிப் பழகும் பயிற்சி) ஆகியவற்றோடு மகள் தாராளமாகத் தொடங்கலாம். தலைக்கு அடி விழாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று நீங்கள் கேட்கும்போது சிரித்து மழுப்பும் பயிற்சியாளரிடம் மட்டும் சேர்க்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது. தற்காப்புக்காக இனிமேல் எதையாவது கற்பதில் பொருள் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் இந்த வயதில் தாக்க வரும் ஆளைவிட வழுக்கும் தரையைத்தான் நீங்கள் அதிகம் சந்திக்கப்போகிறீர்கள். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, ஜூடோவில் எறிவதற்கு முன்பே கற்றுத்தரப்படும் 'உகெமி'யில், அதாவது அடிபடாமல் விழும் பயிற்சியில், தொடங்குங்கள். பின்னால் சாயும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிவைப்பது, கையைத் தரையில் ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொள்ளாமல் முன்கை முழுவதாலும் தரையை அறைந்து அதிர்ச்சியைப் பரப்புவது ஆகிய இரண்டும் பழகிவிட்டால், எறிவதைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். கற்காமலே விட்டாலும் பெரிய நட்டம் இல்லை.